படையோடு வந்த ஆடுகளும் எங்கட மாடுகளும்

2022 டிசம்பர் இரண்டாம் வாரம். மண்டூஸ் புயல் வங்கக் கடலில் நின்றபடி எங்களுக்கு மழையை விடக் குளிரைத்தான் கூடத் தந்தது. யாழ்ப்பாணத்தில் ஆட்கள் சுவெட்டர் தேடி அலைந்த நாட்கள் அவை. ஓர் இரவு கழிந்து விடிந்தபோது தரவைகளிலும் வயல் கரைகளிலும் மாடுகள் விழுந்து கிடந்தன. ஒவ்வோர் ஊரிலிருந்தும் படங்கள் முகநூலில் வரத் தொடங்கின. வடக்கிலும் கிழக்கிலும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் அந்தச் சில நாட்களில் செத்துப்போயின.

எல்லாருக்கும் முதலில் வந்த பயம் நோய்தான். வடக்கு கிழக்கிலிருந்து இறைச்சி வெளியே கொண்டுபோவதைத் தற்காலிகமாகத் தடுத்தார்கள். செத்த மாடுகளிலிருந்து மாதிரிகள் எடுத்து அனுப்பினார்கள். கடைசியில் வந்த முடிவு, தொற்றுநோய் இல்லை, திடீர்க் குளிர் என்பது. ஒதுங்கக் கொட்டில் இல்லாமல் வெட்டவெளியில் நின்ற, உடம்பில் சதை குறைந்த மாடுகளால் அந்தக் குளிரைத் தாங்க முடியவில்லை.

எங்கட அம்மம்மா இந்த முடிவை அதிகாரிகளுக்கு முன்னமே சொல்லிவிட்டா. "நோயெண்டால் ஒண்டொண்டாத்தான் விழும் பிள்ளை. காய்ச்சல் வரும், வாயால வீணி வடியும், கழியும், பிறகுதான் சாகும். ஒரே ராத்திரியில இவ்வளவும் விழாது. இது குளிர்." பிறகு ஒரு வசனம் சேர்த்தா: "இந்தியன் ஆமி வந்த நேரம் ஒரு மாட்டு நோய் வந்ததெண்டு கதைச்சவை. அதுதான் நோய்."

அமைதிப்படை பற்றி வீட்டில் எத்தனையோ கதை கேட்டிருக்கிறேன். மாட்டு நோய்க் கதை அதுவரை கேட்டதில்லை. தேடிப் பார்த்தேன். எங்கட போரைப் பற்றி நான் வாசித்த புத்தகங்களில் கிடைக்கவில்லை. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு எழுதிய வரலாற்றிலும் மிருகவைத்திய ஆய்வுகளிலும் கிடைத்தது. அந்த நோயின் பெயர் ரிண்டர்பெஸ்ட். ஜேர்மன் சொல். தமிழில் சொன்னால் மாட்டுக் கொள்ளைநோய். தமிழ்நாட்டில் வெக்கை நோய் என்பார்கள்.

இது அந்த நோயின் கதை. அதோடு, மாட்டைப் பெருக்கவும் காக்கவும் எழுந்த ஒரு விஞ்ஞானம் எங்கட பக்கம் எப்படி வந்து சேர்ந்தது என்ற கதையும்தான்.

யாழ்ப்பாணத்து மாடு எதற்கு?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்து ஊர்மாடு சின்னன். உயரமும் குறைவு, பாலும் குறைவு. ஆனால் வெயிலைத் தாங்கும், கிடைத்ததைத் தின்னும். பனையோலையைக் கிழித்துப் போட்டாலும் தின்னும், பூவரசங்குழை போட்டாலும் தின்னும். வைக்கோலும் கொஞ்சம் பிண்ணாக்கும் கிடைத்தால் அது அதற்குத் திருவிழா.

இந்த மாட்டிடம் எங்கட ஆட்கள் எதிர்பார்த்தது பாலை மட்டும் இல்லை. குடாநாட்டில் சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே இருப்பது மெல்லிய செம்மண். எரு போடாமல் அந்த மண்ணில் புகையிலையும் இல்லை, மிளகாயும் இல்லை, வெங்காயமும் இல்லை. அதனால்தான் தோட்டத்தில் பட்டி மறித்தார்கள். இரவில் மாடுகளையும் ஆடுகளையும் தோட்டத்துக்குள் அடைத்து வைத்து, அதன் சாணமும் மூத்திரமும் அந்த மண்ணிலேயே விழச் செய்வது. யாழ்ப்பாணத்துப் புகையிலைக் காசு என்று நாங்கள் பெருமையாகச் சொல்வதில் ஒரு பங்கு மாட்டுச் சாணத்தின் காசு. அதோடு உழவு, வண்டில், சவாரி.

இறைச்சிக்கென்று மாடு வளர்த்த ஊர் இது இல்லை. ஆனால் வேலையும் பாலும் எருவும் தந்து முடித்த மாடு ஒரு நாள் வியாபாரியின் கைக்குப் போகும். அது எங்கே போகிறது என்று தெரிந்தும் நாங்கள் கதைக்கமாட்டோம். மாட்டிறைச்சி தின்பது சரியா பிழையா என்பது இந்தக் கட்டுரையின் விசயம் இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு மாடு என்பது எரு, பால், உழவு, கடைசியில் ஒரு அவசரக் காசு என்று நாலு விதமான சேமிப்பு. அது செத்தால் நாலும் ஒரே நாளில் போய்விடும்.

மாட்டைப் பெருக்க வேண்டுமென்றால் முதலில் அது உயிரோடு இருக்க வேண்டும்

மாட்டை இறைச்சிக்காகத் திட்டமிட்டுத் தெரிந்தெடுத்துப் பெருக்குவதில் பெயர்பெற்றவர் 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் இருந்த ரொபேர்ட் பேக்வெல். நல்ல சதைப்பிடிப்புள்ள மாட்டை அதன் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைத்து, வேண்டிய குணத்தை அடுத்தடுத்த தலைமுறையில் நிலைக்க வைத்தார். குறைந்த காலத்தில் கூடிய இறைச்சி தரும் மாடு. இன்றுவரை 'மேம்படுத்திய இனம்' என்று நாங்கள் சொல்லும் எண்ணம் அங்கேயிருந்துதான் வளர்ந்தது.

ஆனால் அதே நூற்றாண்டில் ஐரோப்பாவின் மாடுகள் கோடிக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தன. கொள்ளைநோய் கிழக்கிலிருந்து, பெரும்பாலும் படைகளோடும் படைக்கு இறைச்சியாக ஓட்டிவந்த மாடுகளோடும் வந்தது. காய்ச்சல், வாய்க்குள் புண், மூக்கிலும் கண்ணிலும் வடிதல், கடும் கழிச்சல், ஒன்றிரண்டு கிழமைக்குள் சாவு. நோயை முன்னம் கண்டிராத பட்டியில் பத்துக்கு எட்டோ ஒன்பதோ போய்விடும். மனிதருக்குத் தொற்றாது. மனிதருக்கு வரும் சின்னமுத்தின் கிருமிக்கு இது மிக நெருங்கிய சொந்தம். ஒரு பழைய பொதுக் கிருமியிலிருந்துதான் இரண்டும் பிரிந்தன என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

1711இல் இத்தாலியில் இந்நோய் பரவியபோது பாப்பரசரின் மருத்துவர் லான்சீசி, மருந்து தேடி நேரத்தை வீணாக்காமல் நோய் கண்ட மாட்டைக் கொன்று, சுண்ணாம்பு போட்டுப் புதைத்து, மாடுகளின் நடமாட்டத்தை நிறுத்தச் சொன்னார். 1761இல் பிரான்சின் லியோன் நகரில் உலகின் முதல் மிருகவைத்தியக் கல்லூரி உருவானதற்கும் இந்தக் கொள்ளைநோய் ஒரு முக்கிய காரணம். அதாவது மிருகவைத்தியம் என்ற படிப்பே ஒரு பகுதி இந்த நோயால் வந்தது.

1887: ஒரு கப்பல் மாடு

1887இல் இத்தாலியப் படை செங்கடல் கரையில் மசாவா துறைமுகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு எத்தியோப்பியாவுக்குள் போகப் பார்த்துக்கொண்டிருந்தது. படைக்குச் சாப்பாடு வேண்டும். கப்பலில் மாடுகள் வந்து இறங்கின. அவை இந்தியாவிலிருந்து வந்தவை என்பதுதான் பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. அந்த மாடுகளோடு கொள்ளைநோயும் இறங்கியது.

அடுத்த பத்து ஆண்டுகளில் அது ஆபிரிக்காவின் தெற்கு முனை வரை போய்ச் சேர்ந்தது. போன வழியெல்லாம் மாடுகளில் 80 முதல் 90 வீதம் செத்தன. காட்டெருமைகளும் விழுந்தன. உழ மாடில்லை, குடிக்கப் பாலில்லை. எத்தியோப்பியாவில் 1888 முதல் 1892 வரையான பஞ்சத்தில் சனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு அழிந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள். மாட்டையே நம்பியிருந்த மசாய் மக்கள் நொடிந்துபோனார்கள். அப்படி நொடிந்துபோன நிலங்களுக்குள் ஐரோப்பிய ஆட்சி சுகமாக நுழைந்தது. ஒரு துவக்குச் சூடும் இல்லாமல் ஒரு கண்டத்தின் முதுகை முறித்த நோய் இது.

இந்த ஆண்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1887. படைக்கு இறைச்சி. இந்தியாவிலிருந்து வந்த கால்நடை. திரும்ப வருவோம்.

இந்தியாவில் நிலைமை என்ன? அங்கே நோய் ஊரோடேயே இருந்தது. பிரித்தானிய அரசு நியமித்த மாட்டுக் கொள்ளைநோய் ஆணைக்குழு 1871இல் அறிக்கை கொடுத்தது. 1889இல் பூனாவில் ஒரு நுண்ணுயிர் ஆய்வுகூடம் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில், ஆபத்தான கிருமியோடு வேலை செய்ய ஒதுக்கமான இடம் வேண்டுமென்று, அதை இமயமலை அடிவாரத்து முக்தேஸ்வருக்கு மாற்றினார்கள். இன்றைய இந்திய மிருகவைத்திய ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆரம்பம் அதுதான். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ரொபேர்ட் கோக் 1896இன் கடைசியில் தென்னாபிரிக்காவுக்குப் போனதும் இதே நோய்க்காகத்தான். செத்த மாட்டின் பித்தநீரை நல்ல மாட்டுக்கு ஊசியாகப் போடும் ஒரு முறையை அங்கே அவர் சொல்லிக்கொடுத்தார்.

யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து அம்பாந்தோட்டைக்கு

லெனார்ட் வூல்ஃபின் பெயரைப் பலர் வேர்ஜீனியா வூல்ஃபின் கணவர் என்றுதான் அறிந்திருப்பார்கள். 1905 ஜனவரியில் அவர் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு ஒரு இளம் அதிகாரியாக வந்து சேர்ந்தார். 1907 வரை இங்கே இருந்தார். கண்டியில் ஓர் ஆண்டு வேலை செய்தபின் 1908இல் அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபராகப் போனார். அங்கே அவரை எதிர்கொண்டது மாட்டுக் கொள்ளைநோய்.

அப்போது கையிலிருந்த ஒரே ஆயுதம் லான்சீசி காலத்து ஆயுதம்தான். மாட்டைக் கட்டி வை, நடமாட்டத்தை நிறுத்து, நோய் கண்டதைக் கொல். வூல்ஃப் தானே துவக்கோடு போய், கட்டாமல் திரிந்த நோய் மாடுகளையும் எருமைகளையும் சுட்டார். ஊர்ச்சனத்துக்கு அவர் மீது கடும் கோபம். காரணம் விளங்கக்கூடியது. வறண்ட நிலத்தில் மாடு தானாக மேய்ந்து வருவதுதான் அதன் தீன். கட்டி வைத்தால் யார் புல் வெட்டிப் போடுவது? அதிகாரிக்கு அது நோய் பரப்பும் கட்டாக்காலி. கமக்காரனுக்கு அது காசில்லாமல் மாடு வளர்க்கும் ஒரே வழி.

விஞ்ஞானப்படி வூல்ஃப் செய்தது பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் மாட்டுக்காரனின் பக்கத்தைக் கேட்காமல் துவக்கோடு போன விஞ்ஞானம் அது. சில ஆண்டுகளில் வூல்ஃப் வேலையை விட்டுவிட்டு இங்கிலாந்தில் ஏகாதிபத்தியத்தை எதிர்த்து எழுதுபவராக மாறினார். அந்த அம்பாந்தோட்டை நாட்கள் அவரை விட்டுப் போகவில்லை என்பது அவருடைய எழுத்துகளில் தெரிகிறது.

நெல்லூர் மாடு பிரேசிலுக்குப் போன கதை

இதே காலத்தில் உலகத்தின் மறுபக்கத்தில் பிரேசில்காரர் வெயிலைத் தாங்கும் இறைச்சி மாடு தேடினார்கள். ஐரோப்பிய மாடு அந்த வெக்கையிலும் உண்ணியிலும் நின்றுபிடிக்கவில்லை. அவர்கள் கண்டுபிடித்த விடை ஆந்திரக் கரையின் திமிலுள்ள மாடு. அங்கே அதை ஓங்கோல் என்பார்கள். பிரேசிலில் அதற்கு நெல்லூரின் பெயரே ஒட்டிக்கொண்டது: நெலோரே. இன்று உலகத்துக்கே மாட்டிறைச்சி விற்கும் பிரேசிலின் மாடுகளில் பெரும்பகுதி இந்த நெலோரேயும் அதன் கலப்பும்தான். அமெரிக்காவின் பிராமன் இனத்திலும் இந்திய மாட்டின் இரத்தம்தான் ஓடுகிறது. எங்கட பக்கத்து மாட்டின் குணங்களை வைத்து இறைச்சி மாட்டு விஞ்ஞானத்தை மற்றவர்கள் கட்டி எழுப்பினார்கள். அந்த நேரம் எங்கட ஊர்மாட்டைப் 'பிரயோசனமில்லாத சின்ன மாடு' என்று சொல்லிக்கொண்டு ஜேர்சிக்கும் பிரீசியனுக்கும் பின்னால் நாங்கள் போனோம்.

ஆனால் அந்தப் பயணத்திலும் கொள்ளைநோய் கூடப் போனது. 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போகிற திமில் மாடுகள் பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் துறைமுகத்தில் இறக்கி ஏற்றப்பட்டன. அங்கே நோய் வெடித்தது. அடுத்த ஆண்டு பிரேசிலிலும் வந்தது. இந்த அதிர்ச்சியில்தான் 1924இல் 28 நாடுகள் சேர்ந்து பாரிசில் உலக மிருக சுகாதார அமைப்பைத் தொடங்கின. ஐக்கிய நாடுகள் சபைக்கே இருபது ஆண்டுகள் மூத்த அமைப்பு அது. நல்ல மாட்டைத் தேடிய ஒரு கப்பல் பயணம்தான் அதற்குக் காரணம்.

ஆட்டுக்குள் ஒளிந்திருந்த கிருமி

தடுப்பூசிக்கு வருவோம். 1920களில் முக்தேஸ்வரில் ஜே. ரி. எட்வேர்ட்ஸ் என்பவர் கொள்ளைநோய்க் கிருமியை ஆட்டிலிருந்து ஆட்டுக்கு, ஆட்டிலிருந்து ஆட்டுக்கு என்று திரும்பத் திரும்ப மாற்றினார். அப்படி மாற மாற அது மாட்டுக்குக் கொடூரம் குறைந்த கிருமியாக ஆனது. அந்தக் கிருமியையே தடுப்பூசியாகப் போட்டார்கள். இந்திய மாடுகளுக்கு நல்லாக வேலை செய்தது. வேறு சில இனங்களுக்கு அது கொஞ்சம் கடுமை.

அதைவிட நல்லதை வோல்ட்டர் பிளோரைட் கென்யாவின் முகூகாவில் 1950களின் கடைசியில் உருவாக்கினார். கன்றின் சிறுநீரகக் கலங்களைக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்து, அதில் கிருமியை ஏறக்குறைய 90 தடவை மாற்றி வளர்த்தார். கிடைத்த தடுப்பூசி எந்த இனத்துக்கும் பாதுகாப்பானது, மலிவானது, ஒரு தரம் போட்டால் மாட்டின் ஆயுளுக்கும் போதும். இதற்காக 1999இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. ஒரே ஒரு குறை. குளிரில் வைத்திருக்க வேண்டும். வெயிலில் செத்துவிடும்.

கதையில் ஆடு வருவதைக் கவனியுங்கள். இந்தக் கிருமி ஆட்டுக்குள்ளும் வாழும். மாட்டைக் கொல்லும் அளவுக்கு ஆட்டில் பல நேரம் தெரியாது. பார்க்க நல்லாக இருக்கிற ஆடு நோயைச் சுமந்துகொண்டு கடல் கடக்கலாம்.

1987

இலங்கை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த நோய் இல்லாமல் இருந்தது. நாற்பது ஆண்டு என்றால், உயிரோடு இருக்கிற எந்த மாடும் அந்தக் கிருமியைக் கண்டதில்லை. ஒரு மாட்டின் உடம்பிலும் எதிர்ப்புச் சக்தி இல்லை.

1987 ஜூலை 29 இந்திய இலங்கை ஒப்பந்தம். அதோடு அமைதிப்படை வடக்கு கிழக்கில் வந்து இறங்கியது. ஒக்டோபர் 10 யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கியது. அதற்குப் பிறகு நடந்தவை எங்கட ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிற கதை.

அந்தப் படைக்கும் சாப்பாடு வேண்டும். இறைச்சிக்காகத் தென்னிந்தியாவிலிருந்து உயிர் ஆடுகள் கொண்டுவந்தார்கள். அந்த ஆடுகளோடு ரிண்டர்பெஸ்ட் இலங்கைக்குத் திரும்பி வந்தது. மசாவாவில் மாடு இறங்கிச் சரியாக நூறு ஆண்டுகள்.

யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. தமிழ்நாட்டு ஆட்டுக்காரனும் மாட்டுக்காரனும் அதே நோயோடுதான் சீவித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் சமாதான காலத்தில் ஒரு வியாபாரி ஓர் ஆட்டைக் கடல் கடத்திக் கொண்டுவருவதென்றால் அனுமதி, பரிசோதனை, தனிமைப்படுத்தல் எல்லாம் இருக்கிறது. படையின் ஆட்டை எந்த மிருகவைத்தியர் மறிப்பார்? படை வருகிற இடத்தில் மற்ற எல்லாச் சட்டமும் ஒதுங்கி நிற்கிறது. நோய் நுழைந்த வாசல் அதுதான்.

அந்த இலங்கைக் கிருமி விஞ்ஞானிகளுக்கு முக்கியமான ஒன்றாகிப் போனது. 1987இல் இங்கே எடுத்த கிருமி ஆட்டிலும் செம்மறியிலும் எப்படி நடந்துகொள்கிறது, எப்படித் தொற்றுகிறது என்று பரிசோதித்த ஆய்வு ஒன்று 1990இல் மிருகவைத்திய நுண்ணுயிரியல் சஞ்சிகை ஒன்றில் வந்திருக்கிறது. எங்கட மாட்டைக் கொன்ற கிருமி அங்கே ஆய்வுப் பொருள். இங்கே அது ஒரு வதந்தி போல அம்மம்மாவின் ஒரு வசனத்தில் மிஞ்சியிருக்கிறது.

தடுப்பூசி இருந்தது. அதுதான் இதில் கசப்பான பகுதி. பிளோரைட்டின் ஊசி வந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கால்நடைத் திணைக்களம் தடுப்பூசி போடத் தொடங்கியது. ஆனால் ஊசி போட வேண்டுமென்றால் ஊசிக்காரர் பட்டிக்குப் போக வேண்டும். ஊசி குளிரில் இருக்க வேண்டும். 1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஆனையிறவுப் பாதை இல்லை. சனமே இரவில் கிளாலிக் கடலால் வள்ளத்தில் போய்வந்த காலம். பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெய்க்கே அலைந்தவர்கள் ஐஸ் பெட்டிக்கு எங்கே போவார்கள்? சண்டை நடந்த பகுதிகளுக்குள் போய் எல்லா மாட்டுக்கும் ஊசி போட முடியாததால் நோய் இழுபட்டது. இலங்கையின் கடைசி ரிண்டர்பெஸ்ட் 1994இல்தான் பதிவானது.

குளிர்ப்பெட்டி இல்லாத ஊர்களுக்கு

இது எங்கட பிரச்சினை மட்டுமில்லை. தென் சூடான், எத்தியோப்பியாவின் அஃபார், சோமாலியா என்று உலகத்தில் நோய் கடைசியாக ஒளிந்திருந்த இடங்கள் பல போர் நடந்த, பாதையில்லாத இடங்கள். ஆய்வுகூடத்தில் வெற்றி எப்பவோ கிடைத்துவிட்டது. பட்டிக்குப் போய்ச் சேர்வதில்தான் தோல்வி.

அதற்கு இரண்டு விடைகள் வந்தன. ஒன்று, ஜெஃப்ரி மரினர் என்ற அமெரிக்க மிருகவைத்தியர் பிளோரைட்டின் கிருமியை வேறு கலத்தில் வளர்த்து, வேறு விதமாக உலர்த்தி, குளிர்ப்பெட்டி இல்லாமலே ஒரு மாதம் வரை தாங்கும் தடுப்பூசியாக்கினார். இரண்டு, அந்த ஊசியை மாடு மேய்க்கிற ஆட்களின் கையிலேயே கொடுத்தார்கள். அந்தந்தச் சமூகம் தெரிவு செய்த ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களே நடந்து போய் ஊசி போட்டார்கள். எந்த மாடு எங்கே மேய்கிறது, எந்த மாதம் எங்கே போகும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். பட்டப்படிப்பு முடித்த வைத்தியர் போக முடியாத இடத்துக்கு இடையன் போனான். வூல்ஃபின் துவக்கால் நடக்காத காரியம் மாட்டுக்காரனின் கையால் நடந்தது.

1994இல் உலக ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. இந்தியாவில் கடைசி நோய் 1995. உலகத்தில் கடைசியாக 2001இல் கென்யாவின் காட்டெருமைகளில். 2011 மே மாதம் உலக மிருக சுகாதார அமைப்பும் ஜூன் மாதம் உணவு விவசாய அமைப்பும் ரிண்டர்பெஸ்ட் ஒழிந்துவிட்டது என்று அறிவித்தன. பெரியம்மைக்குப் பிறகு மனிதர் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் இது. இன்றுவரை இரண்டே இரண்டுதான். 2019இல் இங்கிலாந்தின் பேர்பிரைட் நிறுவனம், பல நாடுகளிலிருந்து பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த ரிண்டர்பெஸ்ட் கிருமிகளின் மரபணுவை எழுதி எடுத்துக்கொண்டு, குப்பிகளை அழித்துவிட்டது.

இலங்கை போன்ற ஒரு சின்னத் தீவில், தடுப்பூசி கையில் இருந்தும், ஏழு ஆண்டு இழுபட்ட ஒரு நோய். மாட்டு இனம் மேம்படுத்துவது, செயற்கைச் சினைப்படுத்தல், தீவனம் என்று பேசுகிற எவரும் இந்த ஏழு ஆண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். எந்த ஆராய்ச்சியின் பயனும் பாதையில் இருக்கிற தடைமுகாமைத் தாண்டினால்தான் பட்டிக்கு வரும்.

இப்ப என்ன?

கடல் இன்னும் அகலமாகவில்லை. 2020இல் மாடுகளுக்கு வரும் தோல் கழலை நோய் இலங்கையில் முதல்முதலாக அடையாளம் காணப்பட்டது எங்கட வடமாகாணத்தில்தான். உடம்பெல்லாம் கட்டி கட்டியாக, காய்ச்சலோடு, பால் வற்றி நின்ற மாடுகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். ரிண்டர்பெஸ்ட்டின் தம்பி போன்ற ஆட்டுக் கொள்ளைநோய் இந்தியாவில் முதல்முதலாக உறுதியானது தமிழ்நாட்டில், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அதுவும் 1987இல்தான். அந்த நோயை 2030க்குள் ஒழிப்பதாக உலகம் இலக்கு வைத்திருக்கிறது. அதற்கான ஊசியும் இருக்கிறது.

ஊசி போட மிருகவைத்தியர் ஊருக்கு வருகிற நாள் மாட்டை அவிட்டு விடாமல் கட்டி வைத்திருப்பது, செத்த மாட்டை இரவோடு இரவாக வாய்க்காலுக்குள் தள்ளாமல் அறிவிப்பது, களவாகக் கடலால் வருகிற கால்நடையை மலிவென்று வாங்காமல் விடுவது. இவையெல்லாம் சின்ன விசயங்கள்தான். ஒரு கண்டம் முழுக்க மாடு செத்ததும் இப்படியான சின்ன விசயங்களில் தொடங்கியதுதான்.

கட்டுரையை எழுதி முடித்து அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆபிரிக்காவும் பிரேசிலும் வரும்போது தலையை ஆட்டிக்கொண்டு இருந்தா. 1987 வந்ததும் நிறுத்தச் சொன்னா. ஒக்டோபரில் செல் விழத் தொடங்கினவுடன் எல்லாரும் கோயிலுக்கு ஓடினார்களாம். ஓடுவதற்கு முன் கொட்டிலுக்குப் போய் மாட்டையும் நாகையும் கயிறு அவிட்டு விட்டாவாம். கட்டினபடி விட்டால் தண்ணியில்லாமல் சாகும் என்று.

"திரும்பி வந்து பார்க்க மாடு முத்தத்தில நிண்டது. நாகைக் காணேல்லை. செல் பட்டிச்சோ, ஆரும் பிடிச்சவையோ, நீ சொல்லுற நோயோ, ஆருக்குத் தெரியும்? அப்ப ஆர் மாட்டைத் தேடினது? ஆக்களைத்தானே தேடினம்."

உங்கட வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். அந்த நேரம் வீட்டில் எத்தனை மாடு நின்றது, கடைசியில் எத்தனை மிஞ்சியது என்று. சொல்கிறதை எழுதி வையுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கிற காலம் இதுதான்.